பொதுமன்றத்தில் நாத்திகன் குரல்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் சிறிது தொலைவு நடப்பவர் வீரமாகாளியம்மன் கோயிலைக் காண்பர். அங்குலியா பள்ளிவாசலைக் காண்பர். சீனிவாசப் பெருமாள் கோயிலையும் காண்பர். அருகிலுள்ள தெருக்களில் கிறித்தவத் தேவாலயமும் பௌத்தக் கோயிலும் உள்ளன. இத்தனை வழிபாட்டிடங்களுக்கு நடுவே வாழும் நாத்திகன் இருவகை வினாக்களை எழுப்பக்கூடும். கடவுள் உண்டா என்பது ஒன்று. எல்லார்க்கும் உரிய பொதுவிடத்தில் ஒரு சாராரின் நம்பிக்கை எவ்வுரிமையால் முன்னிற்கிறது என்பது மற்றொன்று. முதல் வினா தத்துவத்தைச் சார்ந்தது. இரண்டாவது குடிமை வாழ்வைச் சார்ந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிந்த காலத்தில் சிங்கப்பூர்த் தமிழரின் பகுத்தறிவு இயக்கம் வென்றது. ஒன்றாகக் குழப்பிய காலத்தில் தோற்றது. அவ்வியக்கத்தின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்தார். அதே ஆண்டில் சிங்கப்பூரில் ‘முன்னேற்றம்’ இதழ் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பத் தொடங்கியிருந்தது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் அச்சங்கத்தின் குரலாகக் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். சாதி வேற்றுமை, வீண் சடங்குகள், உடலை வருத்தும் நேர்த்திக்கடன்கள் ஆகியவற்றைச் சீர்திருத்தக்காரர் கண்டித்தனர். சடங்கற்ற திருமணத்தையும் கல்வியையும் போற்றினர்.

இக்கண்டனங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சாதியை எதிர்த்தபோது சீர்திருத்தக்காரர் பொதுவுரிமையைப் பற்றிப் பேசினர். ஒருவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்குவது அவனுடைய உரிமையைப் பறிப்பதாகும். அதற்குச் சமயம் துணை நின்றால் அச்சமயத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அனைவர்க்கும் உண்டு. அலகு குத்துவோனையும் தீ மிதிப்போனையும் இகழ்ந்தபோதோ நிலைமை வேறாயிற்று. பக்தன் தன் உடலை வருத்திக்கொள்வதனால் பிறருடைய உரிமை எதுவும் குறைவதில்லை. கடல் கடந்து வந்து, உற்றார் உறவினரைப் பிரிந்து, கூலிக்கு உழைத்த ஒருவனுக்கு நோயிலும் துயரிலும் பற்றிக்கொள்ள எஞ்சியிருந்தது அந்த வேண்டுதலே. அதனை அறியாமை என்று ஒதுக்கிய நாத்திகன், அவனுக்கு அதற்கு ஈடாக எதனை அளித்தான்? தைப்பூசக் காவடிகளும் மாரியம்மன் கோயில் தீமிதியும் இன்றளவும் தொடர்வதற்குரிய காரணங்களுள் ஒன்று, இவ்வினாவுக்கு விடை கிடைக்காமற் போனதேயாகும்.

இக்குறையை நிறைவு செய்யும் முயற்சியாக 1952இல் சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாளைக் கருதலாம். பொங்கலை ஒட்டி அமைந்த அவ்விழா, சமயமும் சாதியும் கடந்து தமிழ்மொழி ஒன்றையே உறவாகக் கொண்டு மக்களைக் கூட்டியது. அங்கு வந்தவனை நீ எக்கடவுளை வணங்குகின்றாய் என்று எவரும் வினவ வேண்டியதில்லை. இந்துவும் இசுலாமியனும் கிறித்தவனும் கடவுளை மறுப்பவனும் தத்தம் கொள்கையை வாயிலில் கழற்றி வைக்காமலே உள்ளே நுழைய இயன்றது. கோயிலை இடிப்பதைவிடக் கோயிலுக்கு வெளியே ஒரு மன்றம் எழுப்புவது கடினம். சாரங்கபாணியின் பகுத்தறிவு தன் முதிர்ச்சியைக் காட்டியது அவ்விடத்திலேதான்.

சமயத்தைப் பொதுக்கல்வியின் கருவியாக்கும் முயற்சியை அரசே ஒருமுறை மேற்கொண்டு கைவிட்டதுண்டு. 1984ஆம் ஆண்டு முதல் உயர்நிலை மூன்றாம், நான்காம் வகுப்புகளில் சமயக் கல்வி கட்டாயப் பாடமாயிற்று. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இசுலாம், உலக சமயங்கள், கன்பூசிய அறநெறி ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தெரிவு செய்தல் வேண்டும். சீக்கியம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. நன்னெறி வளர்ப்பதே நோக்கம். ஆயினும் சமய வேகமும் வேற்றுமை உணர்வும் மிகக்கூடும் என்ற கவலை எழுந்தது. கட்டாயப் பாடத்தைக் கைவிடும் முடிவு 1989இல் அறிவிக்கப்பட்டது. குடிமை ஒழுக்கக் கல்வி அதன் இடத்தைப் பெற்றது. அறத்தைக் கற்பிக்க மாணவரைச் சமய வாரியாகப் பிரித்து அமர்த்த வேண்டுமா என்ற ஐயத்தை எழுப்ப நாத்திகனாக இருக்க வேண்டிய தேவையில்லை என்பதனை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஐயவாதிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பகுத்தறிவாளர் பெரிதும் போற்றிய திருக்குறள் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறது. அவ்வதிகாரத்தை விலக்கிவிட்டுக் குறளைக் கற்பிக்க முயலும் ஆசிரியர் நூலுக்குத் தீங்கு செய்கிறார். அதனை வழிபாடாக மாற்றி மாணவரைக் கைகூப்பச் சொல்லும் ஆசிரியரோ வகுப்பறைக்குத் தீங்கு செய்கிறார். தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் இலக்கியமாகக் கற்கத்தக்கவை. கற்பதற்கு நம்பிக்கை முன்நிபந்தனையாதல் கூடாது. பாடம் வேறு, வழிபாடு வேறு.

நாத்திகன் நேர்மையுடையவனாயின் சமயத்தின் நன்கொடையையும் மறைத்தல் ஆகாது. 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவியது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை இயங்கியது. இன்று சிராங்கூன் சாலைக்கு அண்மையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைக் காத்து வருகிறது. ஒரு சமயத்தாரின் சங்கம் தமிழர்க்குப் பொதுவான கல்வியை வளர்த்தது. சமயம் பொதுவாழ்வில் நுழைந்தாலே கேடு என்ற முடிவு இங்கே நிலைபெறவில்லை. அது கொடுப்பதற்கு வருகிறதா, ஆள்வதற்கு வருகிறதா என்று நோக்குவதே முறை.

அவ்வாறே, சமயத்தின் மீது தடை விழும்போதெல்லாம் மகிழ்வதும் பகுத்தறிவு ஆகாது. சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் சாலை தெண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை விதிக்கப்பட்டது. பொது ஒழுங்கே காரணமாகக் கூறப்பட்டது. 2016 முதல் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. மற்ற விழாக்களின் முழக்கத்துக்கு இடமிருக்கக் காவடிக்கு ஏன் இல்லை என்று பக்தர் கேட்டனர். அவ்வினாவை நாத்திகனும் சேர்ந்து கேட்டிருத்தல் வேண்டும். எல்லார்க்கும் ஒரே அளவுகோல் என்பதே அவனுடைய கொள்கை. தான் ஏற்காத நம்பிக்கைக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கும்போதுதான் அக்கொள்கை மெய்ப்படும்.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளுள் நூற்றுக்கு 20 பேர் தமக்குச் சமயம் இல்லை எனக் குறித்தனர். இந்தியரிடையே அத்தகையோர் நூற்றுக்கு 2 பேர் அளவினரே. ஆயினும் இந்தியருள் இந்துக்கள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர். இசுலாமியர் 23 விழுக்காட்டினர். கிறித்தவர் 12 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர். ஆகவே தமிழ்ப் பொதுமேடை ஒரே சமயத்தின் முறையில் தொடங்கும்போது விலகி நிற்க நேர்வோர் கடவுளை மறுக்கும் சிலர் மட்டுமல்லர். கடவுளை வேறு பெயரால் அழைக்கும் பலரும் ஆவர். நாத்திகனின் வினா அவர்களுக்காகவும் எழுப்பப்படும் வினாவாகும்.

ஆண்டுதோறும் தமிழ்மொழி விழாக்களும் பள்ளிப் போட்டிகளும் நிகழ்கின்றன. அவற்றின் மேடையில் ஏறும் மாணவன், தன் வீட்டில் எக்கடவுளின் படம் மாட்டியிருந்தாலும், எப்படமுமே இல்லாதிருந்தாலும், இது தன்னுடைய மேடை என்று எண்ண இயல வேண்டும். அதற்குக் கோயில் மணி ஓய வேண்டியதில்லை. பள்ளிவாசலின் தொழுகை நிற்க வேண்டியதில்லை. மேடைக்குரியோர், தொடங்குமுன் அவையில் அமர்ந்திருப்போரின் முகங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாற் போதும்.