ரெண்டும் ஒண்ணுதான் சார்!

ஆம்பூரில் ஷூ கம்பெனி விட்டு பெண்கள் வீடு திரும்புகிற நேரம். வேன் டிரைவர் தெரிந்தவர் என்பதால் பள்ளிகொண்டா வரைக்கும் முன் ஸீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. எஃப்.எம். போட்டார். ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் மூச்சுவிடாமல் பேசும் ஒரு பெண்குரல். பிறகு விளம்பரம். சட்டென்று அடுத்த நிலையத்துக்குத் தாவினார். அங்கேயும் விளம்பரம். அதே ஜவுளிக்கடை! மறுபடி பழைய இடத்துக்கு வந்தால், பத்து நிமிடம் முன்பு அங்கே கேட்ட பாட்டு இப்போது இங்கே. அலுத்துப்போய் பென் டிரைவைச் செருகிவிட்டார்.

"ஏம்ப்பா, எஃப்.எம். பிடிக்கலையா?"

"இன்னா சார், ரெண்டும் ஒண்ணுதான் சார். இதுல போட்டா நமக்குப் புடிச்சதாவது வரும்."

விமர்சனம் என்றால் இது விமர்சனம். நான் பக்கம் பக்கமாக எழுதப்போவதை அவர் கியர் மாற்றுகிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

வேலூருக்குத் தனியார் எஃப்.எம். வந்ததே லேட்டு. சென்னையில் 2003-லேயே சூரியனும் மிர்ச்சியும் மல்லுக்கட்ட ஆரம்பித்தாகிவிட்டது. 'கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க' என்று ஆட்டோவுக்கு ஆட்டோ அலறியது. நமக்கோ 2016-ல் நடந்த மூன்றாம் கட்ட ஏலத்தின் இரண்டாவது சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சூரியன், ஹலோ இரண்டும் இங்கே வந்தன. ஒன்று சன் குழுமம், இன்னொன்று தினத்தந்தி குழுமம். பேப்பரில் போட்டி, டி.வி-யில் போட்டி, இப்போது காற்றிலும் போட்டி. நமக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

சில வாரங்கள் காலையும் மாலையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். காலையில் துள்ளல் பாட்டு, மத்தியானம் போன் பண்ணினால் பரிசு, ராத்திரி இளையராஜா, அதற்குமேல் காதல் தோல்விக்கு ஆறுதல். எந்த நிலையத்தைச் சொல்கிறாய் என்று கேட்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் புகாரே. அந்தக் குரல் வேலூரில் உட்கார்ந்து பேசுகிறதா, சேலத்திலா, சென்னையிலா? 'இன்னா'வும் இல்லை, 'ஒண்ணியும்' இல்லை. வடார்க்காட்டுக்காரன் வாயைத் திறந்தால் முதலில் வருகிற வார்த்தைகளே இல்லாமல் வடார்க்காட்டுக்கு ஒரு ரேடியோ!

வானொலிப் போட்டி இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவின் கதவைச் சாத்தினார். ஜனங்கள் திருந்தினார்களா? முள்ளைத் திருப்பி சிலோன் வைத்துக்கொண்டார்கள். இந்திக்காரர்களுக்கு பினாகா கீத்மாலா என்றால், பிற்பாடு நமக்கு 'பொங்கும் பூம்புனல்', 'பாட்டுக்குப் பாட்டு'. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் பெயரை வீட்டு மனிதர்கள் பெயர் மாதிரி சொன்னார்கள். கடைசியில் டெல்லி இறங்கி வந்து, 1957 அக்டோபர் 3-ம் தேதி விவித்பாரதியைத் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து அதில் விளம்பரமும் வந்தது. கடல் தாண்டி வந்த ஒரு போட்டி, ஒரு அரசாங்கத்தின் ரசனையையே மாற்றிய கதை இது.

ஏன் முடிந்தது? இரண்டு கடையிலும் சரக்கு வேறு. இன்னொன்றும் உண்டு. கொழும்பில் இருந்தவர்கள் நேயர் விருப்பத்தில் நம் பட்டிக்காட்டுப் பெயர்களையெல்லாம் நிறுத்தி நிதானமாக வாசித்தார்கள். தன் ஊர்ப் பெயர் காற்றில் வருகிறது என்றால் அந்த நிலையத்தை எவன் விடுவான்?

வேலூரில் அது ஏன் நடக்கவில்லை? பி.காம் படித்தவன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஏலப் பணம் முன்கூட்டியே கட்டியாக வேண்டும். அப்புறம் வருஷா வருஷம் மொத்த வருமானத்தில் 4 சதவிகிதம் அரசுக்கு. ஆக, விளம்பரம் வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி ஒரே தோல் மயம். ஆனால், இந்தப் பக்கத்தின் பெரிய தொழிலான தோல், உள்ளூர் ரேடியோவில் விளம்பரம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆம்பூர் ஷூவை வாங்குகிறவர் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இருக்கிறார். அவர் காதில் நம்ம ஊர் எஃப்.எம். விழாது. மிச்சம் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, காலேஜ். விளம்பரதாரர் யாரோ, அவருடைய வாடிக்கையாளருக்குத்தான் நிகழ்ச்சி. விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு வேன் ஏறுகிற பெண், அவள் நகைக்கடைக்குப் போகிற நாளில் மட்டும் நேயர்!

'செய்தி சொல்லக் கூடாதே, நாங்கள் என்ன செய்வது?' என்பார்கள். வாஸ்தவம். தனியார் எஃப்.எம்-கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் 10 நிமிடமாவது செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023-ல் டிராய் பரிந்துரை செய்தது. ஆனால், அதே விதிகளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் குறித்து உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு... இவையெல்லாம் 'செய்தி அல்ல' என்று அதிலேயே இருக்கிறது. தாராளமாகச் சொல்லலாம்!

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் சுவர் இடிந்து வீட்டின் மேல் விழுந்து 9 பேர் இறந்துபோனார்கள். அந்த மாதிரி ராத்திரியில் எந்தத் தரைப்பாலம் மூழ்கியது, எந்தத் தெருவைக் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று பொழுது விடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு ரேடியோவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கரன்ட் போனாலும் அது பேட்டரியில் ஓடும். வெள்ள நாளில் அந்தக் குரலை நம்ப வேண்டுமானால், வெயில் நாளில் பழகியிருக்க வேண்டும். தினமும் இரண்டு நிமிடம் 'டெய்லர் தேவை' வாசியுங்களேன். ஆம்பூர் சுவர்களில் அந்த நோட்டீஸை ஒட்டி ஒட்டியே பசை தீர்ந்துபோகிறது.

இன்னொரு விஷயம். இந்தப் பக்கம் வீட்டில் உருது, கடையில் தமிழ் என்று வாழ்கிறவர்கள் ஏராளம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தொடங்கியது. அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த கவிக்கோ அப்துல் ரகுமான், கஜலைத் தமிழுக்குக் கொண்டுவந்து 'மின்மினிகளால் ஒரு கடிதம்' என்று தொகுப்பே போட்டார். பாய் வீட்டு பிரியாணி எல்லோருக்கும் வேண்டும். வாரத்தில் அரை மணி நேரம் ஒரு கஜல், அதற்கு ஒரு வரி தமிழ் விளக்கம் என்றால் மட்டும் 'ரேட்டிங் போய்விடும்' என்கிறார்கள். இரண்டு பேர் ஒரே பாட்டைப் போடும்போது ஏற்கெனவே பாதி போய்விட்டதே ஐயா!

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் வாணியம்பாடியும் இருக்கிறது. ஏலம் எடுக்க நினைக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு சாயங்காலம் கம்பெனி வேனில் ஏறிப் பார்க்க வேண்டும்.

நான் ஏறிய வேனில், மாதனூர் தாண்டியதும் பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல். "அண்ணே, பாட்டைக் கொறைங்க. குரூப்புல மெசேஜ் வந்திருக்கு." டிரைவர் உடனே குறைத்தார். அந்தப் பெண் செல்போனைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தது. நாளைக்கு எங்கெங்கே ஷட்டவுன், எத்தனை மணி வரைக்கும். வேன் அரை மணி லேட்டு. எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. வேன் மொத்தமும் கப்சிப். வாசித்து முடித்ததும், "இன்னொரு வாட்டி சொல்லு, ஷட்டவுன் எங்க?" என்றார் ஒரு அம்மா.