இரண்டடி தள்ளினால் பாட்டு வரும்

சிவப்பு விளக்கில் ஆட்டோ நிற்கிறது. எஃப்.எம்.மில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு திடீரென்று இரைச்சலுக்குள் மூழ்குகிறது. ஓட்டுநர் ரேடியோவைத் தொடுவதே இல்லை. பிரேக்கை விட்டு வண்டியை இரண்டடி முன்னால் உருட்டுகிறார். பாட்டு பளிச்சென்று திரும்புகிறது. "இந்த இடம் அப்படித்தான் சார்" என்கிறார். வானலை ஊருக்குள் எப்படிப் பரவுகிறது என்று தடித்தடியான புத்தகங்கள் சொல்வதில் பாதி அந்த இரண்டடிக்குள் இருக்கிறது.

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். கோபுரத்திலிருந்து வரும் அலையோடு, எதிர்க் கட்டடம், மேம்பாலம், பக்கத்தில் நிற்கும் பேருந்து என்று பட்டுத் தெறித்த அலைகளும் ஆன்டெனாவுக்கு வந்து சேர்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் பாட்டு. முகடும் பள்ளமும் சேர்ந்தால் இரைச்சல். எதிரெதிராக வரும் இரண்டு அலைகளுக்கு இடையே, நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்குதான்: 75 சென்டிமீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸில் பேசும் கைபேசிக்கு அது 4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

ரசிக்கப் பழக வேண்டியது இந்த மாற்றத்தின் வேகத்தைத்தான். ஊர்ந்து போகும் வண்டியில் பாட்டு வந்து வந்து போகும். வேகம் எடுத்தால் அதுவே படபடப்பாகிவிடும். கம்பி வேலியில் குச்சியை வைத்து இழுத்தபடி ஓடினால் எழும் சத்தம்போல. நின்ற வண்டியிலும் பாட்டு மாறுகிறதா? சுற்றியிருக்கும் ஏதோ ஒன்று நகர்கிறது என்று பொருள்.

இதற்கு அடியில் நிதானமான இன்னொரு மாற்றம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் நிழலுக்குள் நுழைந்தால், சில பத்து மீட்டர்களுக்கு எல்லாமே மங்கும். அதற்கும் அடியில் மூன்றாவது: கோபுரத்தைவிட்டு விலக விலக வரும் நீண்ட சரிவு. கடற்கரைக்காரர் சிற்றலையையும் பேரலையையும் ஓதத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. சிக்னலிலும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களே அதற்குக் கணித மாதிரி செய்தார்கள்.

சரிவில் தொடங்கலாம். தடையே இல்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். பெல் ஆய்வகத்தின் ஹரால்டு ஃபிரிஸ் 1946-இல் தந்த சூத்திரம் அது. சமதளத்தில், தரையில் பட்டு வரும் அலை நேர் அலையை அழிக்கப் பார்ப்பதால், தொலைவில் அது பதினாறில் ஒன்றாகிறது. நகரத்தில்? காகிதத்தில் விடை கிடைக்கவில்லை. ஜப்பானின் யோஷிஹிசா ஒகுமுரா குழுவினர் டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் கருவிகளோடு வண்டியில் சுற்றி அளந்து, 1968-இல் வளைகோடுகளாக வெளியிட்டார்கள். 1980-இல் மசாஹரு ஹாட்டா அந்த வளைகோடுகளைச் சூத்திரமாக்கினார். அதில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தைப் போட்டுப் பாருங்கள்: தூரம் இரட்டித்தால் ஆற்றல் ஏறத்தாழ பதினொன்றரையில் ஒரு பங்கு. நான்கும் இல்லை, பதினாறும் இல்லை. டோக்கியோவின் சுவரும் சந்தும் கூரையும் சேர்ந்து செய்த எண் அது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த எண்ணும் அதுதான். 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 முதல் 20 கிலோமீட்டர் வரை என்ற எல்லைக்குள் மட்டும் அதை நம்பலாம். வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே அளந்து திருத்திக்கொள்வதே முறை.

சிற்றலைக்கு, அதாவது இரண்டடியில் வந்துபோகும் அந்த மாற்றத்துக்கு, வந்தால் கதை வேறு. ஒவ்வொரு சுவரையும் கணக்கில் எடுக்க யாரால் முடியும்? ஒரே சுருதியில், ஆனால் முன்பின்னாக அதிரும் பல அதிர்வுகள் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்று ராலே பிரபு 1880-இல் கணக்கிட்டிருந்தார். அவர் மனத்தில் இருந்தது ஒலி. அந்தக் கணக்கு கைபேசிக்கு அப்படியே பொருந்தியது. கோபுரம் நேராகத் தெரியாத தெருவில், பத்து இடங்களில் ஒன்றில் சிக்னல் சராசரியின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகும். நூறு இடங்களில் ஒன்றில், நூறில் ஒரு பங்குக்குக் கீழே. எந்த இடம் என்று சூத்திரம் சொல்லாது. ஆட்டோக்காரர் சொல்வார்.

கைபேசியில் இதைப் பார்க்க வேண்டுமானால் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதிக்குள் போனால், பல கைபேசிகள் டிபிஎம் கணக்கில் ஓர் எண்ணைக் காட்டும். மொட்டை மாடியில் மைனஸ் 75, சமையலறையில் மைனஸ் 105 என்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் அந்த எண் சராசரி எடுத்து மெதுவாக மாறுவது. நிழலும் சரிவும் அதில் தெரியும், சிற்றலை தெரியாது. சிற்றலைக்குப் பழைய எஃப்.எம். பெட்டியே மேல்.

வெகுகாலம் இந்தத் தெறிப்புகளைப் பொறியாளர்கள் தொல்லையாகவே நினைத்தார்கள். பெல் ஆய்வகத்தின் ஜெரார்டு ஃபாஸ்கினி 1996-இல் அதைத் தலைகீழாக்கினார்: இரு பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்தால், தெறிப்புகளின் உதவியால் ஒரே அலைவரிசையில் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம். வீட்டு வைஃபை பெட்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு.

கடைசியாக ஒன்று, இதற்கு மத்திய அலை கிடைக்கும் ரேடியோ வேண்டும். பகலில் இந்த அலைகளை விழுங்கும் வான் அடுக்கு ஒன்று பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அயனி அடுக்கில் பட்டு, தொலைதூர நிலையங்கள் எட்டிப்பார்க்கும். அவற்றின் குரல் பொங்கும், தேயும். 1924-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் போர்ன்மத் பி.பி.சி. நிலையத்தின் அலைவரிசையை மெல்ல மாற்றச் சொல்லி, சிக்னல் பொங்கித் தேய்வதை எண்ணியே அந்த அடுக்கின் உயரத்தை அளந்தார்கள்: ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

குரல் தேயும்போது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மத்திய அலையின் நீளம் 300 மீட்டர் அளவில் இருக்கும். இரண்டடி தள்ளி வைத்துப் பயனில்லை. சற்றுப் பொறுத்திருங்கள், மேலே இருக்கும் கூரையே நகர்ந்து கொடுக்கும்.