ஏவலா, பயிற்சியா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை மாணவர்கள் கோடை விடுமுறையில் பேராசிரியர்களின் ஆய்வில் உடனிருந்து பயிலும் முறை இன்று நன்கு வேரூன்றியுள்ளது. ஏறத்தாழ இரண்டு மாத காலம், ஓர் ஆய்வுப் பொருள், ஒரு வழிகாட்டி, சிறு உதவித்தொகை என்பது அதன் பொதுவான அமைப்பு. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகிய மானுடக் கலைகளுக்கும் இம்முறை விரிந்துள்ளது. நம் கல்லூரிகளும் இத்தகைய பயிற்சிகளில் நாட்டம் கொள்ளும் இந்நாளில், அதன் நிறைகுறைகளை எடைபோடுவது பொருத்தமாகும்.

இம்முறையின் பிறப்பிடம் ஆய்வகம். 1969ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மக்விகார் தொடங்கிய இளங்கலை ஆய்வு வாய்ப்புத் திட்டம் பலருக்கும் முன்மாதிரியாயிற்று. ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக் கல்வியே ஆய்வை அடிப்படையாகக் கொள்ள வேண்டுமென 1998இல் பாயர் ஆணையம் பரிந்துரைத்தபின் இத்தகைய திட்டங்கள் மேலும் வலுப்பெற்றன. ஆய்வகத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்வது இயல்பு. ஒருவர் அளக்க, மற்றவர் பதிய, மூன்றாமவர் கணிக்கலாம். ஒரு காப்பியத்தைப் படித்துப் பொருள் உணர்வதை அவ்வாறு பங்கிட இயலுமா?

இயலாது என்பதால்தான் மானுடக் கலைகளில் மாணவனுக்கு வாய்ப்பவை பெரும்பாலும் ஓரப் பணிகளாகின்றன. ஏடுகளைப் படமெடுத்தல், தட்டச்சு செய்தல், நூற்பட்டியல் திரட்டல், ஒலிப்பதிவை எழுத்தாக்கல் முதலியன அவை. இவை இழிவான பணிகள் அல்ல. எனினும், ஏன் செய்கிறோம் என்பதை அறியாமல் செய்யும்போது அவை பயிற்சி ஆவதில்லை, ஏவல் ஆகின்றன. தச்சரிடம் தொழில் பயில்பவன் முடிவில் தானே ஒரு கதவைச் செய்ய வல்லவனாக வேண்டும். கோடை முடிந்தபின் மாணவன் தானே ஒரு பனுவலை ஆராயும் திறன் பெற்றானா என்பதே இங்கும் உரைகல்.

இதற்கு மாறான வழியும் அந்நாட்டிலேயே உண்டு. 1988இல் மெலன் அறக்கட்டளை தொடங்கி, பின்னர் கறுப்பினக் கல்வியாளர் பெஞ்சமின் மேஸின் பெயரைத் தாங்கிய திட்டத்தில் மாணவர் தம் ஆய்வுப் பொருளைத் தாமே தேர்கின்றனர். வழிகாட்டியின் துணையும் கோடைக்கால உதவியும் பெறுகின்றனர். பல்கலைக்கழகங்களில் குறைந்த அளவே இடம்பெற்ற சமூகத்தாரை ஆசிரியப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. மானுடக் கலைகளின் இயல்புக்கு இதுவே ஏற்றது என்பது எம் கருத்து. ஆனால் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் மிகச் சிலரே இதன் பயனை அடைய முடிகிறது.

இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு மரபு நம்மிடம் இருந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹதீஸ் கலையில் மாணவர் ஆசிரியர் முன் நூலை வாசிப்பர். மூலப்படியோடு ஒப்பிடும் முகாபலாவில் பிழைகள் ஓரத்தில் திருத்தப்படும். ஏட்டைப் படியெடுக்கும் ஓரப் பணியே அங்குப் பாடமாயிற்று. டமாஸ்கஸ் போன்ற நகரங்களில் எழுதப்பட்ட ஸமாஉச் சான்றுகள் கேட்டவர் பெயர்களையும் இடத்தையும் நாளையும் குறித்துள்ளன. இடையில் எழுந்து சென்றவர் எப்பகுதியைத் தவறவிட்டார் என்பதையும் சில சான்றுகள் பதிவு செய்கின்றன. மாணவன் அங்குப் பெயரற்ற உதவியாளன் அல்லன். அறிவுச் சங்கிலியின் ஒரு கண்ணி.

எனினும் பழம்பெருமையில் மயங்குவது தகாது. அறிவிப்பாளர் வரிசை சுருங்க வேண்டுமென்பதற்காகப் பச்சிளங் குழந்தைகளையும் அவைக்குத் தூக்கி வந்து சான்றில் பெயர் சேர்த்ததையும் வரலாறு காட்டுகிறது. அறிவின்றிச் சான்று பெறும் ஆசை இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டு நிலை யாது? அறிவியல் அகாதமிகள் மூன்று இணைந்து பல ஆண்டுகளாக வழங்கிவரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை அறிவியல், பொறியியல் சார்ந்தோர்க்கே உரியது. தமிழோ வரலாறோ அரபோ பயிலும் மாணவன் அவ்வாயிலில் நுழைய இயலாது. அதே வேளையில், நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில் அரபுத்தமிழ் ஏடுகளும் பழைய கல்லச்சு நூல்களும் வாசிப்பாரின்றி நைந்து வருகின்றன. அவற்றைப் படிக்க அரபு எழுத்தும் தமிழ் ஒலிகளுக்கென அதில் சேர்க்கப்பட்ட புள்ளிக் குறிகளும் தெரிய வேண்டும். தமிழ்ச் செய்யுள் மரபும் தெரிய வேண்டும். மதரஸாவில் ஓதும் மாணவனிடம் முன்னது உண்டு. கல்லூரியின் தமிழ்த்துறை மாணவனிடம் பின்னது உண்டு. இருவரையும் ஒரு கோடையில் ஓர் ஏட்டின் முன் அமர்த்த ஒரு வழிகாட்டியும் இரு மாத உதவித்தொகையும் போதும்.

அவ்வாறு அமர்த்துவோர் மூன்று நெறிகளைப் பேண வேண்டும். முதலாவது, படமெடுக்குமுன் படிக்கக் கற்பிக்க வேண்டும். இரண்டாவது, ஏட்டிலிருந்து மாணவன் தானே ஒரு வினாவை எழுப்பி விடை தேட இடமளித்து, வெளிவரும் பதிப்பில் அவன் பெயரையும் அவன் செய்த பணியையும் குறிக்க வேண்டும். மூன்றாவது, உதவித்தொகை மறுக்கப்படலாகாது. விடுமுறையில் கடையில் நின்று குடும்பத்துக்கு உதவும் மாணவனிடம் ஊதியமின்றி ஆய்வு செய் என்பது, ஆய்வு வசதி படைத்தோர்க்கே உரியது என்பதற்கு ஒப்பாகும்.

சமுதாயக் கொடையால் எழுந்த கல்லூரிகள் பல நம்மிடையே உள்ளன. கட்டடத்துக்கு வழங்கும் கைகள் இதற்கும் நீள வேண்டும். அரபுத்தமிழை வாசிக்க வல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கியாக வேண்டும். அவர்களுக்குப்பின் ஏடுகளைக் காத்தாலும் படித்துக்காட்ட ஆளிராது.