கேட்பவரின் கதை

குழந்தைகள் காப்பக ஊழியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் கதைசொல்லல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கதை மனிதர்களை இணைக்கிறது என்று வழக்கமான சங்கதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பிள்ளைங்க கதைய நாங்க தினம் கேட்டு எழுதுறோம் சார். எங்க கதைய யாரு கேக்குறா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் எழுதுவது கோப்பு. குடும்பம், படிப்பு, பழக்கவழக்கம், வீட்டைவிட்டு வந்த காரணம் என்று ஒரு குழந்தையின் வாழ்க்கை அங்கே கட்டம் கட்டமாக நிரப்பப்படுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் அதிகாரம் பேசுபவரிடம் இல்லை, கேட்பவரிடம் இருக்கிறது என்றார் ஃபூக்கோ. இந்தப் பெண்ணின் கேள்வி அந்த வாதத்தையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. இங்கே கேட்பவரும் ஊமையாக்கப்பட்டவர். அவர் குரலுக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வார்சாவில் 1912 முதல் யூத அநாதைக் குழந்தைகளின் இல்லத்தை நடத்திய ஜானுஸ் கோர்ச்சாக்கை, 1942 ஆகஸ்டில் பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா ரயிலேறியவராக மட்டுமே நாம் வாசித்திருக்கிறோம். அந்தத் தியாகக் கதையாடல் அவருடைய நடைமுறையை விழுங்கிவிட்டது. உடன் ரயிலேறிய ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவையும் மற்ற ஊழியர்களையும் சேர்த்தே விழுங்கிவிட்டது.

அந்த இல்லத்தில் தங்கி வேலை பழகிய இளைஞர்கள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். பார்த்தது, சந்தேகம், தோல்வி எல்லாம் அதில் எழுதுவார்கள். ஸ்டெஃபானியா படித்துப் பதில் எழுதுவார். பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றமும் அங்கே உண்டு. ஆறு மாதத்தில் ஐந்து முறை தன் மேல் தானே அங்கு வழக்குப் போட்டதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அறைந்தது அதில் ஒன்று.

நோட்டைப் படித்தவர் மேலாளர்தானே, இதுவும் கண்காணிப்புதானே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் நம் கோப்பு யாருக்கும் பதில் எழுதுவதில்லை. அந்த நோட்டுக்குப் பதில் வந்தது. படிப்பவரும் பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. தொகுப்பூதியத்தில் இரவுப்பணி பார்ப்பவரிடம் மனித உறவு பற்றி வகுப்பெடுப்பது சுலபம். அவருக்குப் பதில் எழுத ஒருவரை நியமிப்பதும், அவரைப் பற்றிப் பேசப் பிள்ளைகளுக்கு உரிமை தருவதும்தான் கஷ்டம். இரண்டும் சேர்ந்தே நடந்தாக வேண்டும்.

முகாம் முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணிடம் அவர் கதையைக் கேட்டேன். "எழுதிக்க மாட்டீங்கள்ல?" என்றார். எழுதவில்லை.