கணினி திருத்தும் நிறுவல்கள்: சரிபார்த்தலும் மதிப்பிடுதலும்

அளவையியல் கற்பித்தலில் கணினியின் பங்கு புதியதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் 1960களிலேயே அதற்கு அடிகோலினார். பின்னர் ஜான் பார்வைஸ், ஜான் எச்சமெண்டி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ‘லாங்வேஜ், ப்ரூஃப் அண்ட் லாஜிக்’ என்னும் பாடநூல் மென்பொருள்களோடு இணைந்தே வந்தது. அவற்றுள் ‘ஃபிட்ச்’ நிறுவல்களை அமைக்க உதவுவது. ‘கிரேடு கிரைண்டர்’ மாணவர் இணையவழி அனுப்பும் விடைகளைத் திருத்துவது.

இவற்றின் வலிமை வெளிப்படையானது. கெண்ட்சன் 1930களில் வகுத்த இயல்பு உய்த்தறிமுறையின் விதிகள் கூற்றின் வடிவத்தை மட்டுமே சார்ந்தவை. ஆதலின் ஒவ்வொரு வரியும் முறையாகப் பெறப்பட்டதா என்பதைக் கணினி ஐயமின்றிச் சொல்லும். மாணவரின் விடை மாதிரி விடையோடு ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. சோர்வோ சார்போ இன்றி, பிழை உடனுக்குடன் சுட்டப்படுகிறது.

ஆயினும் சுட்டப்படும் பிழையும் மாணவர் செய்த பிழையும் எப்போதும் ஒன்றல்ல. ‘ப அல்லது ம’ என்னும் எடுகூற்றிலிருந்து ‘ம அல்லது ப’ என்பதை நிறுவ வேண்டும் எனக் கொள்வோம். மாணவர் முதலில் ‘ம’ என்பதைத் தனித்துப் பெற முயல்கிறார். மென்பொருள் அவ்வரியைப் பிழை எனக் குறிக்கிறது. உண்மையான பிழையோ எடுகூற்றை இரு நிலைகளாகப் பிரித்து ஆராய வேண்டும் என்று எண்ணாமையே. விதிகளை மாற்றி மாற்றி இட்டு, பிழைக்குறி மறையும்வரை முயலும் மாணவரும் இறுதியில் சரியான நிறுவலை எட்டக்கூடும். அது, புரிந்துகொண்டு எழுதியவரின் நிறுவலிலிருந்து வேறுபடாது, மதிப்பெண்ணும் ஒன்றே.

இவ்வெல்லையைப் பாடநூல் ஆசிரியர்கள் அறியாதவர் அல்லர். உரைநடையில் எழுதும் நிறுவல்களை ஆசிரியரிடமே அளிக்குமாறு அவர்கள் வகுத்துள்ளனர். வகுப்பு பெரிதாகும்போது முதலில் கைவிடப்படக்கூடியதும் அப்பகுதியே. அது கைவிடப்பட்டால், எஞ்சுவது விதிகளைக் கையாளும் பயிற்சி மட்டுமே; காரணம் காட்டும் பயிற்சி அன்று.

எனவே கணினியின் தீர்ப்பை மதிப்பீட்டின் முடிவாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்வதே தகும். ஏற்கப்பட்ட நிறுவல்களுள் ஒன்றைத் தேர்ந்து, ‘இவ்விடத்தில் நிலைகளாகப் பிரித்தது ஏன்?’ என்று மாணவரைத் தம் சொற்களில் எழுதச் செய்யலாம். வரிகளைச் சரிபார்க்கும் சுமையிலிருந்து விடுபட்ட ஆசிரியர், மிஞ்சிய நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் அதுவே.