மூன்று சிவப்புக் கோடுகள்

முதல் மஸ்டாங் அப்பாவின் சட்டைப் பையில் கடல் கடந்து வந்தது. 1967. பினாங்குத் தீவு அப்போது தீர்வையில்லாத் துறைமுகம்; 1969 வரை அப்படித்தான். தீவில் மலிவாக வாங்கிய சாமானைப் பெரியில் இக்கரைப் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தால் கஸ்டம்ஸில் பையைத் திறந்து காட்ட வேண்டும். சட்டைப் பைக்குள் கிடந்த மேட்ச்பாக்ஸ் பெட்டியை யாரும் கேட்கவில்லை. பாகான் டாலாமில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். வெள்ளை உடல், சிவப்பு இருக்கைகள். பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த சின்ன நெம்புகோலை விரலால் அசைத்தால் முன்சக்கரங்கள் திரும்பும். லண்டனில் லெஸ்னி நிறுவனம் வார்த்த பொம்மை.

ஒரு காடியின் அழகை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பொம்மைதான். முன்மூடி நீளம், பின்பக்கம் குட்டை. ஓடாமல் நிற்கும்போதும் பாய்வதற்குப் பின்வாங்கிய குதிரை போலத் தோன்றுவதற்கு அந்த அளவு வித்தியாசமே காரணம். கூரை ஒரே சரிவாகப் பின்பக்கம் நோக்கி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்தச் சரிவைத் தடவுவேன், எங்கேயும் இடறாது.

நிஜக் காடியை ஃபோர்ட் நிறுவனம் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளியிட்டது. தொடக்க விலை 2,368 டாலர். அன்று ஒரே நாளில் 22,000 பேர் பதிவு செய்தார்கள். இத்தனை பேரை மயக்கிய காடியின் அடித்தளம் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காடியினுடையது. சாதாரண எலும்பின்மேல் இப்படியொரு மேனியைப் போர்த்திய கைகளை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

அதை நேரில் பார்க்க நான் 1974 வரை காத்திருந்தேன். தீவுக்குப் போகும் பெரி. காடிகள் நிற்கும் கீழ்த்தளத்தில், மோரிஸ் மைனர்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே, கரும்பச்சை மஸ்டாங் ஒன்று, சரிவுக் கூரை ஃபாஸ்ட்பேக். ஸ்டீயரிங் இடப்பக்கம். கட்டணச் சாவடியில் பக்கத்து இருக்கைக்காரர்தான் கைநீட்டி வெள்ளியைக் கொடுத்திருப்பார். மஸ்டாங்கைத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு செய்யத் தொடங்கியது 2015ஆம் ஆண்டு மாடல் தலைமுறையில்தான். நம் சாலைக்காகப் பிறந்ததல்ல அந்தக் கரும்பச்சைக் காடி.

மேல்தளத்திலிருந்து படியிறங்கி ஓடினேன். அக்கரை சேரக் கால் மணி நேரம். அது முழுவதும் சுற்றிச்சுற்றி வந்தேன். முன் கம்பிவலை நடுவே, குரோம் சட்டத்துக்குள் ஓடும் குதிரை, பார்ப்பவனுக்கு இடப்பக்கமாக. கதவுக்குப் பின்னால் காற்றை உள்வாங்குவதுபோல ஒரு குழிவு. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே வழியே இல்லை. நிழல் விழுவதற்காகவே தகட்டில் குழைத்த மடிப்பு! ஆனால் பின்பக்கவாட்டு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கடுக்காக இருந்த சன்னத் தகடுகள் நிஜமானவை. உள்ளே இருக்கும் காற்று அந்த இடுக்குகள் வழியாகத்தான் வெளியேறும். அழகுக்காக மட்டும் ஒன்று, வேலைக்காக ஒன்று. இரண்டையும் ஒரே கை, ஒரே அக்கறையோடு வரைந்திருந்தது.

பிறகு பின்விளக்கு. பக்கத்துக்கு மூன்று செங்குத்துக் கோடுகள். கிட்டப்போய்ப் பார்த்தால் அது ஒரே சிவப்பு வில்லைதான். குரோம் சட்டம் அதை மூன்றாகப் பிரிக்கிறது. சட்டத்தின் விளிம்பு கொஞ்சம் மேடு, அதனால் மாலை வெயில் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் தனித்தனியாக மின்னியது. அன்றிரவு என் பொம்மையை மறுபடி எடுத்து அதன் பின்புறத்தைப் பார்த்தேன்.

பெரி துறையை நெருங்கியதும் இன்ஜின் உறுமியது. உறுமியது என்ற சொல்லை எண்ணித்தான் எழுதுகிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை ஏறும் காவடிகளோடு வரும் உறுமி மேளம் எங்கள் காதுக்குப் பழகியது: ஒரு முகத்தைக் குச்சியால் தேய்த்து, மறு முகத்தைத் தட்டி எழுப்பும் ஒலி. வி-8 இன்ஜினிலும் இரண்டு பக்கம், பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். எட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெடிப்புகள் சீரான இடைவெளியில்தான் வருகின்றன. ஒரு பக்கத்து நான்கை மட்டும் கேட்டால் இடைவெளி கூடியும் குறைந்தும் தடுமாறும். இரு பக்கமும் தனித்தனிக் குழாயில் வெளியேறுவதால் அந்தத் தடுமாற்றமே தாளமாகிவிடுகிறது. இரும்புத் தளத்தில் நின்ற என் உள்ளங்கால் வழியாக அது ஏறியது.

1985இல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலம் திறந்தது. 2021 முதல் பெரியில் காடிகளே ஏறுவதில்லை. பாலத்தில் விரையும் இன்றைய மஸ்டாங்குகளின் பின்னாலும் அதே மூன்று கோடுகள் உண்டு. ஆனால் கால் மணி நேரம் அசையாமல் நின்று பார்க்கக் கொடுப்பதில்லை.

அன்று இறங்குபாலம் தாழ்ந்தது. கரும்பச்சை மெல்ல நகர்ந்து, மேட்டில் ஒரு கணம் தயங்கி, பெங்காலான் வெல்ட் சாலைப் பக்கம் திரும்பியது. திருப்பத்தில் ஒருமுறை மூன்றும் மூன்றுமாக எரிந்து அணைந்தன.