உம்மா வழியில் குடி, வாப்பா வழியில் ஏடு: ஒலுவிலும் இந்தியாவும்

இலங்கையின் கிழக்குக் கரையில் ஒலுவில் பக்கத்தில் பழைய தலைமுறையினர் கலியாணம் பேசினால், மாப்பிள்ளையின் படிப்பும் உத்தியோகமும் இரண்டாவது கேள்விதான். பெண்ணின் மூத்தும்மா, அதாவது பாட்டி, முதலில் கேட்பது, "அவங்க என்ன குடி?" இரு பக்கமும் ஒரே குடி என்று தெரியவந்தால் பேச்சு அதோடு சரி. "அப்பிடியெண்டா அவன் இவளுக்குக் காக்கா முறையாச்சே" என்று வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். மார்க்கம் அந்தக் கலியாணத்தைத் தடுக்கவில்லை. தடுப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஆதாரம் காட்ட எந்த வீட்டிலும் ஏடு கிடையாது. மூத்தும்மாவின் நினைவுதான் ஏடு.

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, சாய்ந்தமருது, கல்முனை என்று இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் எல்லாம் குடி என்ற குலப் பிரிவு உம்மா வழியில்தான் வருகிறது. பிள்ளைக்கு உம்மாவின் குடி. உம்மாவுக்கு அவளுடைய உம்மாவின் குடி. வாப்பாவின் குடி வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். இதே அமைப்பு அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் உண்டு. அங்கே கோயில் வண்ணக்கர் பதவி குடிவழி வருவதுபோல, இங்கே பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற முறை இருந்தது. குடும்பங்களிடம் காசு சேர்ப்பது, பிணக்குத் தீர்ப்பது, கந்தூரியில் பங்கு பிரிப்பது எல்லாம் அந்த மரைக்காயர்களின் வேலை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இந்தக் குடிமுறையை ஆராய்ந்தார். நம் ஊர்க் குடிகளைப் பற்றிய மிக விரிவான எழுத்து இன்றும் அவருடையதுதான் என்பது நமக்குப் பெருமையா, குறையா என்று வாசகரே முடிவு செய்யலாம்.

பூர்வீகம் பற்றி வாய்மொழிக் கதைகளுக்குக் குறைவில்லை. திமிலர், முக்குவர் என்ற இரு சமூகங்களுக்கிடையே நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்குக் கைமாறாக முக்குவப் பெண்களை மணம் முடித்தார்கள், அந்தப் பெண்களிலிருந்து குடிகள் தோன்றின என்பது அவற்றுள் ஒன்று. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்குக் கரையில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் உள்ளது. ஆனால் இன்ன குடும்பம் இன்ன பெண்ணிலிருந்து வந்தது என்று காட்டும் வம்சாவளிப் பட்டியல் நம் கையில் இல்லை.

எழுதி வைத்த இந்தியா

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான நிலைமையைப் பல இடங்களில் காணலாம். ஹரித்வாரில் கங்கைக் கரைப் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் நீண்ட ஏடுகளை வைத்திருக்கிறார்கள். யாத்திரை போகிறவர் தன் ஊரையும் சாதியையும் சொன்னால், அந்த ஊருக்குரிய பண்டா ஏட்டை விரித்து, பாட்டனும் பூட்டனும் எப்போது வந்தார்கள், யாருக்காகத் திதி கொடுத்தார்கள் என்று வாசிப்பார். பிறகு புதிதாகப் பிறந்தவர்கள், இறந்தவர்கள் பெயர்களைச் சேர்த்து எழுதி, வந்தவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்வார். 1894இல் தொடங்கிய அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1970களின் பிற்பகுதியில் இந்த ஏடுகளை மைக்ரோபிலிமில் படம் பிடிக்கத் தொடங்கியது.

பீகாரின் மிதிலையில் பஞ்சி என்ற ஏடு பதினான்காம் நூற்றாண்டு மன்னன் ஹரிசிம்ஹதேவன் காலத்தில் முறைப்படுத்தப்பட்டதாகச் சொல்வார்கள். மைதிலிப் பிராமணர் கலியாணத்துக்கு முன் பஞ்சிகாரர் தந்தை வழியில் ஏழு தலைமுறையும் தாய் வழியில் ஐந்து தலைமுறையும் பார்த்து, உறவு முட்டவில்லை என்று எழுதித் தருவார். நம் மூத்தும்மா திண்ணையில் இருந்து செய்யும் அதே வேலைதான். பஞ்சிகாரருக்கு அது தொழில், மூத்தும்மாவுக்குக் கடமை.

தமிழ்நாட்டுக்கு வந்தால், செட்டிநாட்டு நகரத்தாரிடம் கச்சிதமான ஏற்பாடு ஒன்று உண்டு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராகவே ஒவ்வொரு நகரத்தாரும் பிறக்கிறார். பொதுவாக ஒரே கோயில்காரர்கள் தங்களுக்குள் மணம் செய்வதில்லை. கலியாணம் நிச்சயமானால் கோயிலுக்குத் தெரிவிக்க வேண்டும்; கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். மாலை வந்தால்தான் அந்தச் சம்பந்தத்தைச் சமூகம் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். மணமான தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிறார்கள். புள்ளி வரி கட்டுகிறார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொழும்புக்கும் போய்க் கடை வைத்தவர்கள்கூட இந்தக் கணக்கை விட்டுப் போகவில்லை. சமூகம் தன்னைத் தானே எண்ணிக்கொள்ள அரசாங்கத்தின் குடிசனமதிப்பு அதற்குத் தேவைப்படவில்லை.

இந்த மூன்றும் நிலைத்ததற்குக் காரணம் ஒன்றே. ஏட்டோடு ஒரு காரியம் கட்டப்பட்டிருந்தது: பண்டாவுக்குத் தட்சணை, பஞ்சிகாரருக்குக் கலியாணச் சீட்டு, கோயிலுக்கு வரி. எழுதுகிறவருக்கு அதனால் பிழைப்போ அதிகாரமோ இருந்தது. நம் மரைக்காயருக்கும் அதிகாரம் இருந்தது; எழுதும் வழக்கம்தான் இருக்கவில்லை. மரைக்காயர் முறை தளர்ந்து, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கீழ் வந்த பிறகு, குடியை நினைவில் வைத்திருக்கவேண்டிய நிர்வாகத் தேவையும் குறைந்துவிட்டது.

பெயரில் நிற்கும் தறவாடு, பெயரில் இல்லாத குடி

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மேலே சொன்ன இந்திய ஏடுகளில் ஓடுவது பெரும்பாலும் ஆண்வழி. பெண்வழிக்கு இந்தியாவில் உதாரணம் தேடினால் மலபாருக்குப் போகவேண்டும். கண்ணூர், தலச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறை இருந்தது. கண்ணூரின் அரக்கல் அரச குடும்பத்தில் குடும்பத்தின் மூத்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் தலைமை ஏற்றார்; பீவி என்று அழைக்கப்பட்ட பெண்கள் பலர் ஆண்டார்கள். லட்சத்தீவிலும் தாய்வழித் தறவாடு உண்டு. நம் கிழக்குக் கரைக் குடிமுறைக்கும் மலபாருக்கும் பழைய தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இந்த ஒற்றுமையால்தான்.

ஒற்றுமை அந்த மட்டில். மலபாரில் தறவாடு என்பது சொத்துள்ள கூட்டுக் குடும்பம். அதன் பெயர் ஆளின் பெயருக்கு முன்னால் முதலெழுத்தாக நிற்கும். அதனால் பத்திரத்திலும் பள்ளிக்கூட இடாப்பிலும் தாய்வழி தானாகப் பதிவாகிவிடுகிறது. சொத்தைப் பிரிக்க அரசாங்கம் சட்டம் போட்டபோது, 1939இல் மதராஸ் மாகாணத்தில் மாப்பிள்ளை மருமக்கத்தாயச் சட்டம் வந்தபோது, அந்த வழக்கமே சட்டப் புத்தகத்தில் ஏறியது. கேரளத்தில் இப்போது, குறிப்பாகச் சிரியன் கிறிஸ்தவர்களிடம், 'குடும்பயோகம்' என்ற சங்கங்கள் நிறைய. ஆண்டுக்கொருமுறை கூடுவார்கள், விருந்து வைப்பார்கள், முதியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், கிளைகிளையாகப் பெயர்களைத் திரட்டிக் குடும்ப வரலாற்றை அச்சிடுவார்கள். இவ்வளவும் சம்பளமில்லாத வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்தான் முன்னுக்கு நிற்பார்கள்.

ஒலுவில்காரரின் பெயரில் குடி இல்லை. முதலெழுத்து வாப்பாவுடையது. இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். தந்தை, தாய் விவரங்களுக்குப் பிறகு, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் கேட்கும் ஒரு கூடு இருக்கும். பாட்டிக்குக் கூடு இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி எழுதிய காவின் என்ற விவாகப் பதிவேட்டில் மஹரும் கைக்கூலியும் வரும், மணமகளின் பொறுப்பாளரான வலியின் கையொப்பம் வரும். மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆக, எந்த வழியில் குடி ஓடுகிறதோ அந்த வழியை அரசாங்கக் கடதாசி மூடிவிடுகிறது.

இலங்கையில் வம்சாவளிக்கென்றே சங்கம் வைத்து வேலை செய்தவர்களும் உண்டு. 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்து பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகளைத் தொடர்ந்து வெளியிட்டது. தேவாலய ஞானஸ்நான ஏடுகளையும் ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் வைத்து அவர்கள் இதைச் செய்தார்கள். ஆனால் அந்தச் சங்கத்தில் சேரவே ஆண்வழியில் ஒல்லாந்துக் கும்பனி ஊழியர் ஒருவர் மூதாதையாக இருக்கவேண்டும். கிழக்கில் பறங்கியரும் குடிகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும், ஒருவர் எண்ணிய வழியை மற்றவர் எண்ணவில்லை.

உறுதியில் ஓடும் பெண்வழி

அப்படியானால் நம்மிடம் எழுத்தே இல்லையா? இருக்கிறது, பெட்டகத்துக்குள். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் உம்மா தன் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னாலே சிறிய வீட்டுக்குப் போய்விடுவார். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நொத்தாரிசு எழுதும் சீதன உறுதியில் அந்த வளவு எழுதிக் கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்ற விவரமும் வரும்: இன்ன இலக்க, இன்ன திகதி உறுதிப்படி என் தாயார் எனக்குத் தந்தது. அந்தப் பழைய உறுதியை எடுத்தால் அதற்கு முந்திய தாயார். வடக்கெல்லை, கிழக்கெல்லை என்று நாலு பக்கமும் எழுதிய இடத்தில் பக்கத்து வளவுச் சகோதரிகளின் பெயர்கள். ஒரு வளவின் உறுதிகளைத் திகதி வரிசையில் அடுக்கினால் உம்மா, மூத்தும்மா, அவருடைய உம்மா என்று குடியின் ஒரு கிளை அப்படியே மேசைமேல் கிடக்கும்.

தமிழ்நாட்டில் இதற்குக் கிட்டிய வழக்கம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உண்டு. அங்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். ஆனால் பள்ளி நிர்வாகம்வரை நீளும் குடி அமைப்பு அங்கே இல்லை. கடல் வணிகத்தில் ஆண்கள் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்ததால் வீடு பெண்கள் கையில் நின்றது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நம் பக்கத்தில் வயலும் வட்டையும்தான் வாழ்க்கை. ஆனாலும் வீடு பெண் கையில்தான். காரணம் எதுவானாலும் இரு கரையிலும் வீட்டுப் பத்திரம்தான் பெண்வழிக்குச் சாட்சி.

இந்தச் சாட்சி எவ்வளவு எளிதில் போய்விடும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேற்பட்டோர். ஆட்களோடு உறுதிகளும் அடையாள அட்டைகளும் போயின. பிறகு வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் பல இடங்களில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்வழி வந்த வீடு ஒரே படிவத்தால் ஆண்வழிக்கு மாறியது.

என்ன செய்யலாம்

வேலை பெரியதல்ல, அவசரமானது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. தொண்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு குறிச்சியை முடிக்கலாம். மூன்று காரியங்கள் போதும்: எழுபது வயது தாண்டிய பெண்களிடம் குடி, உம்மா, மூத்தும்மா பெயர்களைக் கேட்டுக் குரலோடு பதிவது, சீதன உறுதிகளை வீட்டுக்காரர் கண்முன்னே படம் எடுத்துத் திருப்பிக் கொடுப்பது, பள்ளிவாசலின் ஜனாஸா, விவாகப் பதிவேடுகளைப் பிரதி எடுப்பது. மையவாடியை மட்டும் நம்பமுடியாது. மரத்தில் செய்து கபுறில் நட்ட மீசான் கட்டை சில மாரிகளில் உக்கிவிடும்.

இப்படித் திரட்டும் படிவத்தின் முதல் கூட்டில் உம்மாவின் பெயர் இருக்கவேண்டும். வாப்பாவை விடச் சொல்லவில்லை. அவர் பெயர் ஏற்கெனவே அரசாங்கத்தில் இருக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும். வம்சாவளி எப்போதும் அப்பாவியான கடதாசி அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டபோது, காட்டக் கடதாசி இல்லாத மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். அஸ்ஸாமில் குடிமக்கள் பதிவேட்டுக்காகக் குடும்ப மரம் வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். 2019 ஆகஸ்ட் 31இல் வந்த இறுதிப் பட்டியலில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. ஊருக்குள்ளும் எந்தக் குடி பெரிது, எந்தக் குடி சிறிது என்ற பழைய சண்டைக்கு இந்த ஏடு விறகாகக்கூடாது. ஆகவே உயிரோடு இருப்பவர்களின் விவரம் அவரவர் சம்மதமில்லாமல் வெளியே போகக்கூடாது, தரவரிசை எழுதக்கூடாது, திரட்டியதன் ஒரு பிரதி கட்டாயம் அந்த வீட்டுக்கே போகவேண்டும்.

ஹரித்வாரில் எழுதுகிறவருக்குத் தட்சணை கிடைத்தது, செட்டிநாட்டில் கோயிலுக்கு வரி கிடைத்தது. ஒலுவிலில் இவ்வளவு காலமும் மூத்தும்மாமார் சும்மாவே இந்தக் கணக்கை வைத்திருந்தார்கள். வருகிற பெருநாளுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு கொப்பியோடு போங்கள். முதலில் குடியைக் கேட்டு எழுதுங்கள்.